மழை ஷூவும் என் இடது கணுக்காலும்

டெரெபோ, மனிடோபா
பிப்ரவரி மூன்றாவது செவ்வாய்க்கிழமை, 1994

அன்பும் அருமையும் கொண்ட என் ஒரே மகள் ஹான்யாவுக்கும் மாப்பிள்ளை ரஸ்ஸலுக்கும், அப்பா வாசில் குஷ்னிர் வாய்நிறைய ஆசீர்வதித்துச் சொல்லி எழுதவைப்பது என்னவென்றால், இங்கே நானும் அடுப்பும் பூனையும் சுகம், அங்கே நீங்களும் உங்கள் கடலும் சுகமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக. "நான் சுகம்" என்றதும் எழுதுகிறவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்க்கிறாள். சரி, கால் நீங்கலாகச் சுகம் என்று எழுதிக்கொள் என்றேன்.

எழுதுகிறவள் வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டு ஸ்டெய்னாதான். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், கடைசி இரண்டு வகுப்புக்கு உன்னையும் ஏற்றிக்கொண்டு போனவள், பின் இருக்கையில் நீ முட்டைக்கோஸ் உருண்டையைச் சிந்தியதை இன்னும் மறக்காதவள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். எட்டு வயதில் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபோது என் அப்பா என்னை மாஷா, கெய்சர் என்ற இரண்டு குதிரைகளிடம் ஒப்படைத்தார். மாஷாவுக்கு இடது காதில் ஒரு வெட்டு இருக்கும். கெய்சர் உதைக்கும், ஆனால் சொல்லிவிட்டு உதைக்கும், முதலில் காதை மடக்கும். எழுத்து ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நான் அவற்றிடம்தான் படித்தேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ பேசுவாய், நான் சரி சரி என்பேன், வைத்த பிறகுதான் எனக்குப் பதில் ஞாபகம் வரும். இது காகிதத்தில் சொல்லவேண்டிய விஷயம். அதனால் இவளைக் கூப்பிட்டு, நான் சொல்வதை ஒன்றுவிடாமல் எழுது, நடுவில் உன் சரக்கைச் சேர்க்காதே என்றேன். "ஒண்ணுவிடாம எழுதறேன்யா. அப்புறம் ஏன்டா எழுதச் சொன்னோம்னு அழக்கூடாது" என்றாள். இதையும் எழுதிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

உன் வீட்டுக்குப் பக்கத்திலே முதியவர் விடுதியில் கடலைப் பார்த்த ஓர் அறை காலியாகிறது, மாதக் கடைசிக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லவேண்டும், வருவதாயிருந்தால் ஈஸ்டருக்கு நீ வந்து இந்த வீட்டை விற்றுவிட்டு என்னைக் கையோடு கூட்டிப்போவாய் என்று நீ கேட்டிருந்தாய். பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கால் உடைந்த கதையை ஒழுங்காகக் கேள். அன்றைக்குப் போனில் நீ கேட்டது பாதி, அதிலும் பாதி ரஸ்ஸல் தும்மியது.

ஜனவரியில் தண்ணீரை ஆசீர்வதிக்கும் யோர்தான் திருநாளுக்கு ஏரியில் ஐஸை அறுத்துச் சிலுவை நிறுத்துவது பதினேழு வயதிலிருந்து என் வேலை என்பது நீ அறிந்ததே. முதலில் கைரம்பம், பிறகு இரண்டு ஆள் ரம்பம், இப்போது மோட்டார் ரம்பம். அறுத்து நிமிர்த்திய பிறகு அதன்மேல் பீட்ரூட் சாற்றை ஊற்றிச் சிவப்பாக்கவேண்டும், உன் அம்மா பராஸ்கா இருந்தவரை சாறு அவள் பொறுப்பு, அவள் போன பிறகு அதுவும் நான்தான். இந்த வருஷமும் முந்தின நாளே சிலுவையை அறுத்து நிறுத்திவிட்டேன், ஒரு கீறல் இல்லை, கண்ணாடி மாதிரி நின்றது. காலையில் சாற்றை எனாமல் வாளியில் ஊற்றிக்கொண்டு கிளம்பும்போதுதான் நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய ஷூ கண்ணில் பட்டது. அந்த ஷூவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். பழுப்பு நிறம், மெத்தென்ற அடி, உள்ளே பூனை வயிறு மாதிரி கதகதப்பு. மழைக்கு இதைவிட நல்ல ஷூ கிடையாது என்று கடைக்காரன் உன்னிடம் சொன்னது உண்மையாகவே இருக்கும். இங்கே அக்டோபருக்கு மேல் மழை பெய்து நான் பார்த்ததில்லை, ஆனாலும் மகள் அனுப்பியது, திருநாளும் அதுவுமாக ஊர் பார்க்கட்டுமே என்று, இத்தனை வருஷம் என்னை ஐஸில் நிறுத்திவைத்த கம்பளி பூட்ஸை வாசலிலே விட்டுவிட்டு, அந்த ஷூவைப் போட்டு, கல்யாணக் கால்சட்டையைப் போட்டு, வாளியோடு ஏரியில் இறங்கினேன். நடந்தேன் என்று சொல்லமுடியாது. ஷூ போயிற்று, நான் கூடப் போனேன்.

கரையில் ஊரே நிற்கிறது, தண்ணீர் பிடிக்க ஆளுக்கொரு ஜாடி வைத்திருக்கிறது. பாதிரியார் பொஹ்தான் ஐஸில் வெட்டிய குழிக்கு அருகில் கையை உயர்த்தியிருக்கிறார். நான் எல்லோருக்கும் நடுவே வழுக்கி, ஒரு கால் வடக்கே, ஒரு கால் தெற்கே, 'டக்'கென்று ஒரு சத்தம், வாளி மேலே போய்த் திரும்பி வந்து மொத்தச் சாற்றையும் என் தலையிலிருந்து இடுப்புவரை கொட்டியது. வெள்ளை ஐஸ், அதன்மேல் சிவப்பு, சிவப்புக்கு நடுவில் நான். பெண்கள் அலறிய அலறலில் காக்கைகள் எழும்பின. பாதிரியார் புதியவர், வந்து ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை, தண்ணீரை ஆசீர்வதிக்கத் தூக்கிய கையை அப்படியே என் பக்கம் திருப்பிக் கடைசி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். "சாமி, கால்தான், வேற ஒண்ணுமில்ல" என்றேன். "பேசாதீங்க பெரியவரே, மூச்சச் சேத்து வையுங்க" என்கிறார். பாதிரியாரைப் பார்த்துப் பாடகர் குழு சாவுப் பாட்டைத் தொடங்கிவிட்டது. நன்றாகத்தான் பாடினார்கள், இரண்டாம் குரல் மட்டும் கொஞ்சம் இழுத்தது, நிஜமாகவே சாகும்போது அதைச் சரிசெய்யச் சொல்லவேண்டும். அப்போதுதான் இந்த ஸ்டெய்னா, நம் சபையும் அல்ல, நம் ஜனமும் அல்ல, ஐஸ்லாந்துக்காரி, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள், கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்து, என் நெஞ்சில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "பீட்ரூட்டு. உப்பு பத்தல" என்றாள்.

சாவுப் பாட்டு பாதியில் நின்றது. ஜாடி வைத்திருந்தவர்கள் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றார்கள். நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த சின்னப் பெண் காலைப் பார்க்கவேண்டுமென்று கத்தரியை எடுத்தாள். "அம்மா, இது என் கல்யாணக் கால்சட்டை, முப்பத்தேழுல தச்சது, வெட்டாத" என்றேன். "ஏன் தாத்தா, மறுபடி கல்யாணம் வச்சிருக்கீங்களா?" என்றாள். நான் குனிந்து கால்சட்டையைப் பிடிப்பதற்குள் முழங்கால்வரை வெட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் இடது கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருக்கிறதென்று மாவுக்கட்டு போட்டு, ஐஸ் உருகும்வரை அந்தக் காலைத் தரையில் வைக்காதே என்று அனுப்பினார்கள். ஷூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல ஷூ.

சரி, வீட்டுக்கு வந்தோம். படுக்கை மாடியில், குளியலறை மாடியில், மாடிப்படி உன் தாத்தா கட்டியது, அதாவது ஏணிக்குப் பெரியப்பா மகன். இரண்டு ஊன்றுகோலையும் ஒரு காலையும் வைத்துக்கொண்டு அதில் ஏறமுடியாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது, ஆகவே படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்புறத்தால் ஒவ்வொரு படியாக ஏறுகிறேன், அதேபோல இறங்குகிறேன். எண்பத்தோரு வயதில் ஒரு புது வித்தை கற்றேன் என்று பெருமைதான், கால்சட்டைதான் தேய்கிறது. படுக்கையைச் சமையலறைச் சோபாவுக்கு மாற்றியாயிற்று. கோயில் கூடத்தில் பிங்கோ எண் கூப்பிடுகிறவர் உட்காரும் சக்கர நாற்காலியைப் பாதிரியார் கொண்டுவந்து கொடுத்தார், சாவு ஜெபம் சொன்ன வெட்கம் அவருக்கு. நல்ல நாற்காலி, ஆனால் நம் வீட்டுத் தரை அடுப்பைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது என்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. மேசையிலிருந்து கையை எடுத்தால் நாற்காலி தானாகக் கிளம்பி என்னை அடுப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகவே ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஒரு கையால் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இது போதாதென்று குளிர் மைனஸ் முப்பதுக்குப் போனதும் சமையலறைக் கழிவுக்குழாய் உறைந்தது. அது வருஷா வருஷம் உறைவதுதான், நான் உன் அம்மாவின் முடி உலர்த்தும் மெஷினை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கிக் குழாய்க்குச் சூடு காட்டுவேன், இளகிவிடும். இந்த வருஷம் யார் இறங்குவது? எனக்குக் கால் இல்லை, ஸ்டெய்னாவுக்கு முழங்கால் இல்லை. ஆகவே பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, வாசல் கதவைக் கொஞ்சம்போலத் திறந்து, வெளியே வீசுகிறேன். அது விழுந்த இடத்தில் கண்ணாடியாக உறைந்து, மேலே மேலே ஏறி, இப்போது படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஏரி. "ஏன்யா வாசில், ஒரு கால உடச்சது பத்தலையா? அடுப்புச் சாம்பல எடுத்துப் போடுய்யா அதுமேல" என்று இவள் தினமும் சொல்கிறாள். போடறேன் போடறேன் என்று நானும் தினமும் சொல்கிறேன். சாம்பல் வாளி கதவோரம்தான் இருக்கிறது. நாளைக்குப் போடவேண்டும்.

இவளைப் பற்றியும் உனக்கு எழுதவேண்டும், இவளே எழுதினாலும். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, இருட்டுவதற்குள் ஒருமுறை வந்துவிடுகிறாள். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் வெளிக்குளிருக்கும் உள்சூட்டுக்கும் இவள் கண்ணாடியில் ஆவி படிந்து வெள்ளையாகிவிடும், பாவம், இரண்டு வட்டப் பனிக்கட்டியை மூக்கில் மாட்டியதுபோல நிற்பாள், தெளியும்வரை ஒன்றும் தெரியாது. அந்த நேரம்தான் எனக்கு ஆண்டவர் கொடுத்தது. நான் விறகு எடுத்துக்கொண்டிருந்தால் கீழே போட்டு, நாற்காலிக்கு நொண்டி, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, முகத்தைச் சோர்வாக்கிக்கொள்வேன். ஆவி விலகும்போது உண்மையான நோயாளி இருப்பான். (இப்போதுதான் இது தனக்குத் தெரிகிறதென்று எழுதுவதை நிறுத்திவிட்டு முறைக்கிறாள். எழுது என்றேன்.) பேருந்து ஓட்டிய பழக்கம், நான் ஒரு அங்குலம் எழும்பினாலும் "உக்காரு!" என்று ஒரு சத்தம். பூனையே உட்கார்ந்துவிடுகிறது. மாவுக்கட்டுக்கு மேலே போட ஒரு பெரிய கம்பளி உறை பின்னிக்கொடுத்தாள், மண்வெட்டியைப் போட்டு மூடலாம், அவ்வளவு பெரிசு. கருவாட்டுக்கு வெண்ணெய் தடவித் தருகிறாள், காய்ந்த பிளம் பழத்தை அடுக்கடுக்காக வைத்த அவர்கள் கேக்கைத் தருகிறாள், சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதன் வழியாகக் காப்பி குடிக்கச் சொல்கிறாள். நான் நம் பழக்கப்படி கிளாஸில் கலக்கிக் குடித்தால், "காட்டுமிராண்டி" என்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை கோயில் அடித்தளத்தில் பெரோகி செய்யும் நாள். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் பூனையிடம் சண்டை பிடிக்க ஆரம்பித்திருந்தேன். இவள், செத்துப்போன புருஷன் மீன் இழுக்க வைத்திருந்த நாற்காலிச் சறுக்குவண்டியைத் தூசி தட்டிக் கொண்டுவந்து, என்னை அதில் கம்பளியில் சுற்றி உட்காரவைத்துப் பின்னாலிருந்து தள்ளினாள். கோயிலுக்குப் போகும் வழி இறக்கம் என்பது உனக்குத் தெரியும். வண்டி பிடித்துக்கொண்டு பறந்தது, எனக்கு எட்டு வயசு திரும்பிவிட்டது, மாஷாவும் கெய்சரும் முன்னால் ஓடுவதுபோல இருந்தது, அப்போது இவள் திடீரென்று இரண்டு குதிகாலையும் ஊன்றி வண்டியை நிறுத்தினாள். வண்டி நின்றது. நான் நிற்கவில்லை. கம்பளிச் சுருளோடு முன்னால் போய்ப் பனிமேட்டில் தலை குத்தினேன். வாயில் பனியைத் துப்பிவிட்டு, "ஏன்டி நிறுத்தின?" என்று கேட்டேன். "ரயில் கேட்டு" என்றாள். ஹான்யா, அந்த ரயில் நின்று, தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய், அந்த இடத்தில் வில்லோ மரம் முளைத்திருக்கிறது. "பேருந்துன்னா நிறுத்தணும், ரெண்டு பக்கம் பாக்கணும்" என்கிறாள். "இது பேருந்தா?" என்றேன். "ஆள் ஏறியிருக்கா இல்லையா?" என்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகுதான் தள்ளினாள்.

அடித்தளத்தில் மேசையைச் சுற்றிப் பெண்கள், நடுவே நான் ஒருத்தன். மாவு வட்டத்தில் உருளைக்கிழங்கு வைத்து ஓரத்தைக் கிள்ளவேண்டும், அவ்வளவுதான், ஆனால் என் விரலில் பட்டது ஒவ்வொன்றும் பானையில் வாய் திறந்தது. "இது பெரோகி இல்ல வாசில், தவளை" என்று சொல்லிச் சிரித்து, என்னை உருளைக்கிழங்கு உரிக்கப் போட்டார்கள். மூட்டை தீரும்வரை உரித்தேன். தோலை அறுந்துபோகாமல் ஒரே நாடாவாக உரிப்பதைக் கடைசியில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது மேட்டில் இவள் தள்ளமுடியாமல் இரண்டு முறை நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

இனி பதிலுக்கு வருகிறேன், ஹான்யா. கால் வலிப்பது எனக்குப் பெரிசில்லை. உட்கார்ந்து படியேறுவதும் அடுப்புக்கு உருண்டு போவதும் பழகிவிடும். ஆனால் நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஸ்டெய்னா எனக்காகக் கை நிறைய விறகை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தவள், தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, சத்தமாகத் திட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். எழுபத்தாறு வயசு. கால் உடைந்தது எனக்கு, நடப்பது இவளாக இருக்கிறது. ஆகவே நீ சொன்னபடியே வருகிறேன். அறையைப் பிடித்து வை. ஈஸ்டருக்கு வா, வீட்டை விற்றுவிடலாம். ஊரிலே ஒருத்தருக்கு நான் பாரமாக...

இந்த இடத்தில் எழுதுகிறவள் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

"இத எழுத மாட்டேன்."

"ஒண்ணுவிடாம எழுதறேன்னு சொன்னவ யாரு?"

"நான் உங்கிட்ட வந்து பாரம்னு சொன்னேனா?"

"சொல்லல. அதனாலதான்."

"முப்பது வருஷம் ஊர்ப்புள்ளைங்களச் சுமந்திருக்கேன். நீ ஒருத்தன்தான் எனக்குக் கனமாப் போயிட்டியா?"

"புள்ளைங்க எறங்கிப் போயிருச்சுங்க. நான் எறங்கவே மாட்டேங்கறேனே."

அவள் எழுந்து போய் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "அங்க வெறகு அடுப்பு உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "குளிருமே." அங்கே குளிராது, பிப்ரவரியிலேயே பூப் பூக்குமாம் என்றேன். "அப்ப நாள் முழுக்க என்னதான்யா பண்ணுவ?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. பூவைப் பார்ப்பேனாயிருக்கும். பிறகு பேனாவை எடுத்து நான் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதினாள், எழுதிய வேகத்தில் காகிதம் ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது, மன்னித்துக்கொள்.

வீட்டுச் சாமானில், மோட்டார் ரம்பம் கோயிலுக்கு. பாதிரியார் ஏற்கெனவே கண் வைத்திருக்கிறார், முன்னால் யாராவது அவருக்கு அதை எந்தப் பக்கம் பிடிப்பதென்று காட்டினால் தேவலை. எனாமல் வாளியை ஸ்டெய்னாவுக்குக் கொடுத்துவிடு. "நசுங்கின வாளி எனக்கெதுக்கு" என்கிறாள். கொடுத்துவிடு. பூனையைப் பற்றிக் கேட்கவேண்டாம், அது இப்போதே அவள் வீட்டில்தான் இருக்கிறது, சாப்பிட மட்டும் இங்கே வருகிறது.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் மழையிலிருந்தும் வழுக்கலிலிருந்தும் காப்பாராக. உங்கள் மேசையில் ரொட்டி குறையாதிருப்பதாக. ரஸ்ஸலின் தும்மல் நிற்பதாக. கேட்டவர்களுக்கெல்லாம் என் வணக்கம் சொல், கேட்காதவர்களுக்கும் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வாசில் குஷ்னிர்
(இந்தச் சிலுவைக் குறி என் கையால் போட்டது: ✕)

பின்குறிப்பு. வியாழக்கிழமை.

மேலே எழுதியதை நம்பாதே.

இது ஸ்டெய்னாவின் இடது கை எழுத்து. நீட்டிச் சொன்னால் எழுதமாட்டாளாம். ஆகவே சுருக்கம்.

செவ்வாய் மத்தியானம் கடிதத்தை உறையில் போட்டாள். தபாலில் சேர்க்கக் கிளம்பினாள். என் கழுவுதண்ணீர் ஏரியில் வழுக்கினாள். வலது மணிக்கட்டு போயிற்று. சாம்பல் போடாதது நான்.

சத்தம் கேட்டது. ஊன்றுகோலை எடுத்தேன். எறிந்துவிட்டேன். வாசற்படியில் உட்கார்ந்தே இறங்கினேன். பழகிய வித்தை. அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். "உள்ள போ! உக்காரு!" என்று கத்தினாள். "உக்காந்துதான்டி இருக்கேன்" என்றேன். அப்படியே இருவரும் இருந்தோம். கடிதம் அவளுக்கு அடியில் இருந்தது. அதனால்தான் ஈரம்.

பனி தள்ளும் வண்டிக்காரன் பார்த்து ஆள் கூப்பிட்டான். அதே ஆம்புலன்ஸ் பெண். "இந்தத் தடவ யாருக்குத் தாத்தா பீட்ரூட்டு?" என்றாள்.

இவளால் உருளைக்கிழங்கு உரிக்க முடியாது. நான் உரிக்கிறேன். பொத்தான் போட முடியாது. போட்டுவிடுகிறேன், கோட்டுக்கு. தலை பின்ன முடியாது. நேற்றுக் காலையில் பின்னிவிட்டேன். குதிரைவால் பின்னிய கை, மறக்கவில்லை. "இறுக்கிப் புடிக்காதய்யா" என்றாள். காதை மட்டும் கவனித்துக்கொண்டேன். மடக்கவில்லை.

இரவுக்கு மட்டும் அவள் வீட்டுக்குப் போய்வந்தாள். இந்தக் குளிரில் அது தேவையா என்று கேட்டேன். யோசிக்கிறாளாம். பூனை யோசிக்கவில்லை, இங்கேயே வந்துவிட்டது.

எண்ணிப் பார்த்தேன். எங்கள் இருவரிடமும் சேர்ந்து மூன்று நல்ல கால், மூன்று நல்ல கை. ஒரு வீட்டுக்கு இது தாராளம்.

ஆகவே அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். வீட்டை விற்கவேண்டாம். என்னால் வரமுடியாது, இங்கே ஆள் வேண்டியிருக்கிறது. ஈஸ்டருக்கு நீ வா, விருந்துக்கு. கம்பளி பூட்ஸ் போட்டு வா.

குழாய் சரியாகிவிட்டது. பாதிரியார் நிலவறையில் இறங்கினார். பாடிக்கொண்டே சூடு காட்டினார். நல்ல பாட்டுத்தான், இந்த முறை.

கடைசியாக ஒன்று. தினமும் தாண்டிப் போகிற ஐஸில் ஏன் பார்த்து நடக்கவில்லை என்று இவளைக் கேட்டேன். கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியவில்லை என்றாள். ஹான்யா, நீ இந்த ஊரில் பிறந்தவள். குளிரிலிருந்து உள்ளே வந்தால்தான் ஆவி படியும். உள்ளேயிருந்து வெளியே போகிறவளுக்குப் படியாது; நனைந்தது கண்ணாடி இல்லை.

இதை எழுதமாட்டேன் என்கிறாள். ஒன்றுவிடாமல் எழுதுவதாகச் சொன்னவள் யார் என்றேன். எழுதுகிறாள்.

அப்பா.

எழுதியவள் சேர்ப்பது: ஆவிதான்.